பொருத்தமான பிரா: அளவெடுப்பது முதல் கோளாறுகளைச் சரிசெய்வது வரை

பிரா அணிவதில் ஏற்படும் தொல்லைகளில் பலவற்றுக்கு, தொல்லை தெரியும் இடம் ஒன்றாகவும் அதற்கான காரணம் இருக்கும் இடம் வேறொன்றாகவும் அமைகின்றன. தோளில் ஸ்ட்ராப் பதிந்து வலிக்கும்போது ஸ்ட்ராப்பைக் குறை சொல்கிறோம். குறையோ பெரும்பாலும் முதுகைச் சுற்றி வரும் பட்டி தளர்ந்திருப்பதில் இருக்கிறது. விலா எலும்புகளை அழுத்துவது போலிருந்தால் பட்டி இறுக்கம் என்று முடிவுகட்டி அடுத்த பெரிய எண்ணுக்கு மாறுகிறோம். அங்கே பல வேளைகளில் கப்தான் சிறியதாக இருக்கிறது. இப்படித் தவறான இடத்தில் திருத்தம் செய்துகொண்டே போவதால், ஆண்டுக்கணக்கில் பொருந்தாத அளவையே தம் அளவு என்று நம்பி அணிபவர்கள் ஏராளம். கோளாறு உடலில் இல்லை, துணியின் அளவிலும் வடிவிலும் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொண்டு, அளவெடுப்பதிலிருந்து தொடங்குவோம்.

எடையைத் தாங்குவது எது

பிராவின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மார்பகங்களுக்குச் சற்றுக் கீழே உடலைச் சுற்றி வரும் பட்டிதான் எடையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. கப்கள் மார்பகங்களை முழுவதுமாக உள்ளடக்கி வடிவத்தைக் காக்கின்றன. கம்பி இருந்தால், அது கப்பின் அடியில் வளைவாக ஓடி, மார்பகம் உடலோடு சேரும் மடிப்பில் கப்பை நிலையாக நிறுத்துகிறது. இரு கப்களையும் இணைக்கும் நடுத்துண்டு நெஞ்செலும்பின் மேல் படிந்து நிற்கிறது. ஸ்ட்ராப்களின் வேலை கப்பின் மேல்விளிம்பை உடலோடு ஒட்டி வைப்பது மட்டுமே. மார்பகத்தைத் தூக்கிப் பிடிக்கும் பொறுப்பை ஸ்ட்ராப்களிடம் விட்டுவிட்டால், நாள் முழுவதும் அந்த எடை தோளில் தொங்கிக் கழுத்தும் தோளும் வலிக்கத் தொடங்கும். ஆகவே, பிரா வாங்கும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது பட்டிதான். கப் அதற்கு அடுத்தது, ஸ்ட்ராப் கடைசி.

அளவெடுக்கும் முறை

தையற்காரர்கள் பயன்படுத்தும் வளையக்கூடிய இஞ்சு டேப் ஒன்றும், நிலைக்கண்ணாடியும் போதும். பஞ்சு வைக்காத மெல்லிய பிராவை அணிந்துகொண்டோ, எதுவும் அணியாமலோ அளவெடுக்கலாம். தடித்த பஞ்சு வைத்த பிராவின் மேல் எடுக்கும் அளவு பயன்படாது.

முதலில் மார்பகங்களுக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றுங்கள். முன்னும் பின்னும் டேப் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். முதுகுப் பக்கம் டேப் மேலேறுவதும் கீழிறங்குவதும் மிக இயல்பாக நேரும் பிழை. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, டேப் உடலோடு அழுத்தமாகப் படியும் அளவுக்கு இழுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இது கீழ்ச்சுற்றளவு.

அடுத்து, மார்பின் மிக முன்தள்ளிய பகுதியைச் சுற்றி அளக்க வேண்டும். நிமிர்ந்து நின்று ஒருமுறை அளந்தபின், இடுப்பிலிருந்து வளைந்து, முதுகு தரைக்கு இணையாக வரும்படி குனிந்து மறுமுறை அளந்துகொள்ளுங்கள். இரண்டு முறையும் டேப் தோலைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. தளர்ந்த மார்பகங்களுக்கும் பெரிய மார்பகங்களுக்கும் நின்ற நிலையில் எடுக்கும் அளவு உண்மையைக் குறைத்தே காட்டும். குனிந்து எடுக்கும் அளவு, பக்கவாட்டில் பரவியிருக்கும் தசையையும் கணக்கில் சேர்க்கிறது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருந்தால் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணும் எழுத்தும்

கீழ்ச்சுற்றளவு அங்குலக் கணக்கில் எவ்வளவு வருகிறதோ, அதற்கு மிக நெருங்கிய இரட்டைப்படை எண்ணே பட்டியின் அளவு. 31 அங்குலம் வந்தால் 30, 32 இரண்டையும் அணிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மார்புச் சுற்றளவிலிருந்து பட்டியின் எண்ணைக் கழித்தால் கிடைப்பது கப். வேறுபாடு 1 அங்குலமானால் ஏ, 2 ஆனால் பி, 3 ஆனால் சி, 4 ஆனால் டி, 5 ஆனால் டிடி. இதற்கு மேல் நாட்டுக்கு நாடு எழுத்து மாறுகிறது: 6 அங்குல வேறுபாடு பிரிட்டன் அளவில் ஈ என்றும், அமெரிக்க அளவில் டிடிடி அல்லது எஃப் என்றும் குறிக்கப்படும். ஐரோப்பிய அளவில் பட்டி சென்டிமீட்டரில் 65, 70, 75, 80 என்று வரும். அங்கே 75 என்பது அங்குலக் கணக்கின் 34க்கு இணை. பிரான்ஸும் ஸ்பெயினும் இந்த எண்ணோடு 15ஐக் கூட்டி, அதே பட்டியை 90 என்று குறிக்கின்றன. எனவே இணையத்தில் வாங்கும்போது, எந்த நாட்டு அளவு என்பதை முதலில் பார்த்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

கீழ்ச்சுற்றளவோடு 4 அங்குலத்தைக் கூட்டிப் பட்டியின் எண்ணைச் சொல்லும் பழைய முறை இன்றும் பல இடங்களில் வழக்கில் இருக்கிறது. நீட்சி குறைந்த துணியில் பிரா தைத்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. எலாஸ்டிக் இழைகள் கலந்த இன்றைய பட்டிகளுக்கு அது பொருந்தாது. கீழ்ச்சுற்றளவு 30, மார்புச் சுற்றளவு 36 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறைப்படி அவருக்கு 34 பி வரும். கூட்டாமல் கணக்கிட்டால் பிரிட்டன் அளவில் 30 ஈ வரும். முதல் அளவில் பட்டி முதுகில் ஏறித் தளர்ந்து நிற்கும், கப்போ இரண்டு நிலை சிறியதாக இருக்கும். சிறிய எண்ணும் பெரிய எழுத்தும் கேட்கவே விந்தையாக இருப்பதால், சரியான விடை வந்தபிறகும் அதை நம்பாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கப்பைக் குறிக்கும் எழுத்துகள் 1930களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தபோது ஏ முதல் டி வரை நான்கே இருந்தன. இன்று வரிசை அதைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டது. எழுத்துக்குத் தனியாக எந்த அளவும் இல்லை. 30 டி-யின் கப்பும் 38 டி-யின் கப்பும் வெவ்வேறு கொள்ளளவு கொண்டவை.

இதிலிருந்தே இணை அளவுகள் என்னும் கருத்து பிறக்கிறது. பட்டியின் எண் ஒரு நிலை குறைந்து, எழுத்து ஒரு நிலை கூடினால் கப்பின் கொள்ளளவு மாறாது. 34 சி, 32 டி, 36 பி மூன்றும் ஒரே கொள்ளளவு உடையவை. கப் பொருந்திப் பட்டி மட்டும் தளர்வாக இருந்தால் 34 சி-யிலிருந்து 32 டி-க்குப் போக வேண்டுமே தவிர 32 சி-க்குப் போகக் கூடாது. போனால் கப்பும் சேர்ந்து சிறுத்துவிடும். வேறு எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். கணக்கில் வரும் அளவு தொடக்கப்புள்ளி மட்டுமே என்பதால், அதற்கு மேலும் கீழும் உள்ள இணை அளவுகளையும் சேர்த்து அணிந்து பார்ப்பதுதான் முறை.

அணிந்து சோதித்தல்

புதிய பிராவை எப்போதும் வெளிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள் வரிசைகளுக்கு நகர்த்துவதற்காகவே அவை இருக்கின்றன. வாங்கும் நாளிலேயே உள் வரிசையில்தான் பொருந்துகிறதென்றால் சில மாதங்களில் அது பயனற்றுப் போகும்.

மாட்டியபின், சற்று முன்னே குனிந்து, ஒரு கையால் கம்பியையோ கப்பின் அடிவிளிம்பையோ பிடித்துக்கொண்டு, மறுகையை அக்குள் பக்கத்திலிருந்து கப்பினுள் விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும் மார்பகத் தசை முழுவதையும் முன்னும் மேலுமாகக் கப்புக்குள் கொண்டுவாருங்கள். இரு பக்கமும் இதைச் செய்து நிமிர்ந்து பாருங்கள். சற்றுமுன் பொருந்துவதாகத் தெரிந்த கப் இப்போது நிரம்பி வழிவதைப் பலரும் காண்பார்கள். இந்த ஒரு செயலைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. அக்குளுக்குக் கீழே கொழுப்பு என்று எண்ணி ஒதுக்கும் பகுதி, சிறிய கப்புக்கு வெளியே ஒதுங்கி நிற்கும் மார்பகத் தசையாகவும் இருக்கலாம்.

பிறகு ஸ்ட்ராப்களைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ராப்புக்கும் தோளுக்கும் இடையே ஒன்றிரண்டு விரல்கள் நுழைய வேண்டும். பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, முதுகில் இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்கு மட்டுமே இடம் தருகிறதா என்று பாருங்கள். கம்பி வைத்த பிராவானால் நடுத்துண்டு நெஞ்செலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். கம்பி மார்பக மடிப்பில் சரியாக அமர்ந்து, அதன் வெளிமுனை மார்பகத்தின் மேல் ஏறாமல் அக்குளின் நடுவை நோக்கி நிற்க வேண்டும். கப்பின் மேல்விளிம்பு தசையை வெட்டாமலும், இடைவெளி விடாமலும் வழுவழுப்பாகப் படிய வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் கைகளை உயர்த்துங்கள், குனியுங்கள், உட்காருங்கள், ஆழ்ந்து மூச்சிழுங்கள். கை உயர்த்தும்போது பட்டி மேலேறி மார்பகத்தின் அடிப்பகுதி வெளியே தெரிந்தால் அது உங்கள் அளவு அன்று.

பட்டி உண்மையில் இறுக்கமா என்பதில் ஐயம் இருந்தால், பிராவைத் திருப்பி, கப்கள் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டிப் பாருங்கள். இப்போது கப் எதையும் தாங்கவில்லை. பட்டியின் நீளம் மட்டுமே தெரியும். இப்படி அணியும்போது பட்டி வசதியாக இருந்து, நேராக அணியும்போது மட்டும் இறுக்கினால், கப் சிறியதாக இருப்பதால் மார்பகங்கள் பட்டியின் நீளத்தைத் தின்கின்றன என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது எழுத்தை, எண்ணை அன்று.

அளவு சரி, ஆனாலும் பொருந்தவில்லை

கொள்ளளவு ஒன்றாக இருந்தும் வடிவம் மாறுபடலாம். சிலரின் மார்பகங்கள் அடிப்பகுதி அகலமாகவும் முன்தள்ளல் குறைவாகவும் பரந்து இருக்கும். சிலருக்கு அடி குறுகி, முன்தள்ளல் மிகுந்திருக்கும். மேற்பகுதி நிறைந்தவையும் உண்டு, கீழ்ப்பகுதி நிறைந்தவையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகுந்தவர்களும், ஏறக்குறைய ஒட்டியே இருப்பவர்களும் உண்டு. அச்சில் வார்த்த, தையலற்ற கப் தனக்கென்று ஒரு வடிவத்தை வைத்திருப்பதால், உங்கள் வடிவம் அதோடு ஒத்துப்போனால் மட்டுமே பொருந்தும். இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கப்கள், பார்க்கும்போது கவர்ச்சி குறைவாகத் தெரிந்தாலும், முன்தள்ளல் மிகுந்த மார்பகங்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. மேற்பகுதி நிறைவு குறைந்தவர்களுக்கு உயரம் குறைந்த கப்களும், நிறைந்தவர்களுக்கு மேல்விளிம்பு நீளும் லேஸ் வைத்த கப்களும், மார்பகங்கள் நெருக்கமாக அமைந்தவர்களுக்கு நடுத்துண்டு தாழ்ந்து குறுகிய பிராக்களும் உகந்தவை.

ஒரு பக்கம் மற்றதைவிடப் பெரியதாக இருப்பது மிகவும் இயல்பு. எப்போதும் பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் அளவையே வாங்குங்கள்; மறுபக்கத்தில் ஸ்ட்ராப்பைச் சிறிது சுருக்கியோ, கப்பினுள் எடுத்து வைக்கக்கூடிய மெல்லிய திண்டு ஒன்றை வைத்தோ ஈடுகட்டலாம்.

கோளாறுகளும் அவற்றின் வேர்களும்

பட்டி முதுகில் மேலேறுவது தளர்வின் அடையாளம். ஸ்ட்ராப்பைச் சுருக்கச் சுருக்க அது இன்னும் ஏறும். எண்ணைக் குறைத்து எழுத்தைக் கூட்டுங்கள். பிரா பழையதாகி, உள்வரிசைக் கொக்கியிலும் ஏறுகிறதென்றால் எலாஸ்டிக்கின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஸ்ட்ராப் தோளில் பதிவதற்கும் பெரும்பாலும் இதே காரணந்தான். பட்டியைச் சரிசெய்தபிறகும் பதிந்தால் அகலமான ஸ்ட்ராப் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். நழுவும் ஸ்ட்ராப் வேறு கதை: குறுகிய அல்லது சரிந்த தோள் உடையவர்களுக்கு, ஸ்ட்ராப்கள் ஓரத்தில் தைக்கப்பட்ட பிரா எந்த அளவில் வாங்கினாலும் நழுவும். முதுகில் ஸ்ட்ராப்கள் நடுவை நோக்கி நெருங்கிவரும் வடிவமே அதற்குத் தீர்வு.

கப்பின் மேலோ அக்குள் பக்கமோ தசை பிதுங்கி, சட்டைக்கு மேல் இரட்டை மேடாகத் தெரிந்தால் கப் சிறியது. பட்டி பொருந்தியிருந்தால் எழுத்தை மட்டும் ஒரு நிலை கூட்டுங்கள்.

மேற்பகுதியில் இடைவெளி விழுவதுதான் மிகவும் ஏமாற்றும் கோளாறு. கப் பெரியது என்று உடனே முடிவு செய்யத் தோன்றும். ஆனால் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒரே தோற்றத்தைத் தருகின்றன. உண்மையிலேயே கப் பெரியதாக இருக்கலாம். அப்படியானால் துணி பல இடங்களில் சுருங்கித் தெரியும், நடுத்துண்டு நன்றாகப் படிந்திருக்கும். கப் சிறியதாக இருக்கலாம். மார்பகம் கப்பின் அடிவரை இறங்க இடமில்லாமல் மொத்தக் கப்பையும் உடலிலிருந்து முன்னே தள்ள, மேல்விளிம்பு விலகி நிற்கும், நடுத்துண்டும் அந்தரத்தில் நிற்கும். மூன்றாவதாக, கீழ்ப்பகுதி நிறைந்த மார்பகத்துக்கு உயரமான வார்ப்புக் கப் பொருந்தாமல் இருக்கலாம். அங்கே அளவை மாற்றிப் பயனில்லை, வடிவத்தை மாற்ற வேண்டும். எனவே இடைவெளியைக் கண்டால் முதலில் குனிந்து தசையைக் கப்புக்குள் கொண்டுவாருங்கள், பிறகு நடுத்துண்டைப் பாருங்கள். நடுத்துண்டு உயர்ந்து நின்றால் சிறிய கப்பை நாடாமல், ஒரு நிலை பெரியதை அணிந்து பாருங்கள்.

கம்பி மார்பகத்தின் பக்கத்தில் ஏறிக் குத்தினால் கப் சிறியது அல்லது கம்பி குறுகியது. மார்பகத்தைத் தாண்டி முதுகுப் பக்கம் ஓடினால் கம்பி அகலமானது. அக்குளில் குத்துகிறதென்றால் கம்பியின் உயரம் உங்கள் உடலுக்கு மிகுதி. பக்கம் தாழ்ந்த வடிவத்தைத் தேடுங்கள். மடிப்பில் நிற்காமல் விலா மீது சரிந்து இறங்கினால் பட்டியின் தளர்வையும், கப்பின் ஆழம் போதாமையையும் சோதியுங்கள். எந்த வகைக் கம்பியும் ஒத்துவரவில்லையென்றால் கம்பியற்ற பிரா அணிவதில் குறையொன்றும் இல்லை. உறுதியான பட்டியும் தைத்த கப்பும் இருந்தால் போதும். கம்பி வைத்த பிரா மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் என்ற அச்சத்தால் மட்டும் மாற வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தினர் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பிக்கோ நாள்தோறும் அணியும் நேரத்துக்கோ நோயோடு தொடர்பு எதுவும் காணப்படவில்லை.

முதுகில் பட்டிக்கு மேலும் கீழும் தசை சற்றுப் பிதுங்குவதைக் கோளாறாகக் கருத வேண்டாம். மென்மையான உடலில் உறுதியான எலாஸ்டிக் எங்கே படிந்தாலும் அப்படித்தான் தெரியும். அகலமான பட்டி அதைக் குறைக்கும், பெரிய எண்ணுக்கு மாறுவது தாங்குதிறனைக் கெடுக்கும். கழற்றியபின் தெரியும் லேசான சிவப்புத் தடம் சிறிது நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். தோல் புண்ணானாலோ, அடிமடிப்பில் வியர்வையால் அரிப்பும் தடிப்பும் தொடர்ந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வாங்கிவிட்ட பிராவில் சிலவற்றைச் சரிசெய்ய முடியும். தளர்ந்த பட்டியை இரு பக்கவாட்டிலும் சம அளவில் பிடித்துத் தைக்கலாம். பட்டி மட்டும் இறுக்கமானால் கூடுதல் கொக்கி வரிசையுள்ள இணைப்புத் துண்டை மாட்டலாம். உறையைத் துளைத்து வெளிவந்த கம்பியை உள்ளே தள்ளி, உறுதியான சிறு துணித் துண்டை வைத்துத் தைத்துவிடலாம். சிறிய கப்பை மட்டும் எந்தத் தையலாலும் பெரிதாக்க இயலாது. அதைப் பொறுத்துக்கொண்டு அணிவதற்குப் பதிலாக விட்டுவிடுவதே நல்லது.

உடல் மாறும் காலங்கள்

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பகங்கள் வீங்கிக் கனப்பது இயல்பு. அந்நாட்களில் எடுக்கும் அளவைக் கொண்டு எல்லாப் பிராக்களையும் வாங்க வேண்டாம். உடல் எடை கூடினாலும் குறைந்தாலும், கருத்தரித்தாலும், மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் மறுபடி அளவெடுங்கள். கருக்காலத்தில் கப் மட்டுமன்றி, விலாக்கூடு விரிவதால் பட்டியின் அளவும் கூடும். ஆகவே அப்போது ஒரே நேரத்தில் பல பிராக்களை வாங்கிவைப்பது வீண். பாலூட்டும் காலத்தில் கம்பியோ இறுக்கமான கப்போ ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், நெகிழும் துணியில் தைத்த, அழுத்தாத பிராவையே தேர்ந்தெடுங்கள். மாற்றங்களுக்கிடையே புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பில் கசிவு, ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பெருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பிராவின் அளவை ஆராய்ந்துகொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

துவைப்பதும் உலர்த்துவதும்

பட்டியின் உயிர் எலாஸ்டிக்கில் இருக்கிறது; அதை விரைந்து அழிப்பவை சூடும் வெளுப்பானும் முறுக்கிப் பிழிவதும். மென்மையான சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் கையால் கசக்கித் துவைப்பது மிக நல்லது. இயந்திரத்தில் போடுவதானால் கொக்கிகளை மாட்டி, வலைப்பைக்குள் வைத்து, மெதுவான சுழற்சியில் துவைக்கலாம். சூட்டில் உலர்த்தும் கருவியில் மட்டும் போட வேண்டாம். முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்தபின், ஈர எடையில் ஸ்ட்ராப் நீளாதபடி நடுத்துண்டில் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். வார்ப்புக் கப்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்தால் மடிப்பு நிலைத்துவிடும், விரித்தே அடுக்குங்கள். ஒரே பிராவை அடுத்தடுத்த நாட்களில் அணியாமல், குறைந்தது மூன்றை மாற்றி மாற்றி அணிந்தால், நீண்ட எலாஸ்டிக் மறுபடி சுருங்குவதற்கு நேரம் கிடைத்து ஒவ்வொன்றும் கூடுதல் காலம் உழைக்கும்.